ஆத்தா கிணற்றில் இறங்கிய நாள்

1

என் தம்பி சோணையின் மகன் விளாங்குடியிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் ஒரே விஷயத்தைக் கேட்கிறான். "அத்தை, எங்க பள்ளிக்கூட மலருக்கு ஏதாச்சும் எழுதிக் குடுங்க. பனி பெய்யிறது, அங்கிட்டு உள்ள ரயிலு, கடைகண்ணி, இம்புட்டு வருசமா நீங்க பாத்ததெல்லாம்." எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்து பனியைப் பற்றி இரண்டு வரி எழுதினேன். குளிரும், வழுக்கும். அதற்கு மேல் ஓடவில்லை. இந்த ஊருக்கு வந்து நாற்பது வருடத்துக்குப் பக்கமாகிறது. பனியைப் பற்றிச் சொல்ல என்னிடம் அவ்வளவுதான் இருக்கிறது என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அப்படியே அதை மூடி வைத்திருந்தபோதுதான் என் பேத்தி அனிதா ஒரு படத்துக்கு அழைத்துப் போனாள். அனிதா என் மகள் மாலதியின் மூத்த பெண். அப்போது அவள் ஆறு மாதக் கர்ப்பம். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் இருக்கப் பொழுது போகாமல், "அம்மாச்சி, வாங்க" என்றாள். அவளுக்குத் தெரிந்த தமிழில் அது ஒரு பெரிய வாக்கியம். எங்கள் லீட்ஸ் நகர நூலகத்தின் மாடியில் புதன்கிழமை மத்தியானங்களில் வயதானவர்களுக்கு இலவசமாகப் படம் போடுவார்கள். தேநீரும் பிஸ்கட்டும் உண்டு. பாதிப் பேர் பிஸ்கட்டுக்கு வந்து பாதிப் படத்தில் தூங்கிவிடுவார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

அன்றைக்குப் போட்டது ஏதோ ஒரு வெளிநாட்டுப் படம். பேச்சு புரியாது, கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். நான் ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும் என்பதால், படிப்பதை விட்டுவிட்டு முகங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கதை பெரிதாக ஒன்றுமில்லை. யுத்த காலம். மலையடிவாரத்தில் ஒரு மனநோய் ஆஸ்பத்திரி. சண்டை நெருங்க நெருங்க டாக்டரும் நர்சுகளும் ஒவ்வொருவராகப் போய்விடுகிறார்கள். நோயாளிகள் மட்டும் மிஞ்சுகிறார்கள். அவர்களே கிழங்கு தோண்டுகிறார்கள், அவித்துச் சாப்பிடுகிறார்கள், ஒருவர் செத்தபோது அவர்களே குழி வெட்டிப் புதைக்கிறார்கள்.

அதில் ஒரு காட்சி. காலையில் எழுந்ததும் எல்லோரும் அவரவர் கட்டில் பக்கத்தில் வந்து விறைப்பாக நிற்கிறார்கள். தலையை எண்ண ஆள் வரவேண்டும். வருவதற்குத்தான் யாருமில்லையே. நிற்கிறார்கள், நிற்கிறார்கள். கடைசியில் ஒரு கிழவி அவளாகவே எண்ண ஆரம்பிக்கிறாள். தன்னையும் சேர்த்து எண்ணி முடித்ததும் எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிடப் போகிறார்கள்.

ஹாலில் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, பாவம் என்கிற சிரிப்புதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டில் இல்லாமல், பாய்க்குப் பக்கத்தில், கையைத் தொங்கவிட்டுக்கொண்டு அப்படி நிற்பதை நான் எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். நின்றது என்னைப் பெற்றவள்.

பஸ்ஸில் வரும்போது ஏன் அழுதேன் என்று அனிதா கேட்டாள். கண்ணுக்கு மருந்து விடவில்லை என்றேன். அவள் நம்பவில்லை. ஆனாலும் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஆகவே சோணை மகனே, பனியை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன். இதில் உன் அப்பாவும் வருகிறான், கைக்குழந்தையாக. மலரில் போடலாமா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய்துகொள்.

2

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். விளாங்குடி அன்றைக்குத் திண்டுக்கல் ரோட்டோரத்தில் இருந்த ஒரு விவசாய ஊர், அவ்வளவுதான். காளவாசல் பக்கம் நிஜமாகவே செங்கல் சுடுகிற காளவாசல்கள் புகைந்துகொண்டிருக்கும். என் அய்யா வீரணனுக்குக் கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல், மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற ஒரு கமலைக் கிணறு. கத்தரியும் வெண்டையும் போட்டு மாட்டுவண்டியில் மதுரைச் சந்தைக்குக் கொண்டுபோவார். வீட்டில் என்னை வளர்த்தவள் சின்னம்மா மாயக்காள், அய்யாவின் இரண்டாவது மனைவி. என்னைப் பெற்றவள் நான் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் செத்துப்போனாள் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சின்னம்மா அடிக்கவும் மாட்டாள், மடியில் வைத்துக் கொஞ்சவும் மாட்டாள். தலை வாரும்போது மட்டும் ரொம்ப மெதுவாக வாருவாள். சோணை அப்போது ஆறேழு மாதப் பிள்ளை.

யுத்தம் எங்களுக்கு அரிசி விலையாகத்தான் முதலில் வந்தது. பர்மா அரிசி நின்றது. ரங்கூனில் பிழைத்தவர்கள் கால்நடையாகவே ஊர் திரும்பினார்கள் என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். அந்தச் சித்திரையில் சென்னைப் பட்டணமே காலியாகிறது, சப்பான்காரன் எந்நேரமும் குண்டு போடுவான் என்று பேச்சு. ரயிலில் சட்டி பானையோடு ஜனம் மதுரைக்கு வந்து இறங்கியது.

ஒரு நாள் மத்தியானம் அய்யா சந்தையிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். சின்னம்மா என்னவென்று கேட்டாள். பட்டணத்தில் மிருகங்களை வைத்திருக்கிற தோட்டத்தில் புலியையும் சிங்கத்தையும் சுட்டுக் கொன்றுவிட்டார்களாம், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடும் என்று பயந்து. சந்தையில் அதைச் சொன்னவர்கள் சிரித்தார்களாம்.

"அதுக்கு நீங்க ஏன் சோத்தைத் தள்ளுறீக?" என்றாள் சின்னம்மா.

அய்யா கையை உதறிக்கொண்டே, "அங்கம்மாளும் பூட்டுக்குள்ளதான கெடக்கா" என்றார்.

அங்கம்மாள் என்பது என்னைப் பெற்றவளின் பெயர். அது எனக்குத் தெரியும். சின்னம்மா சட்டென்று என்னைப் பார்த்தாள். அவள் பார்த்த விதத்திலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

மீதியை அன்றைக்கு அவர்கள் பேசியதிலிருந்து தெரிந்துகொண்டேன். நான் பிறந்த கொஞ்ச நாளில் அவளுக்குப் புத்தி தடுமாறிவிட்டது. அய்யா அவளைச் சென்னையில் மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இரண்டு முறை போய்ப் பார்த்தார். இரண்டாவது முறை அவள் அவரை யாரென்று கேட்டாளாம். அதற்குப் பிறகு போகவில்லை. மறு கல்யாணம் செய்துகொண்டார். ஊருக்குச் செத்துவிட்டாள் என்று சொல்லிவிட்டார். சின்னம்மாவிடம் மட்டும் மறைக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் அய்யா பட்டணத்துக்குக் கிளம்பினார். சின்னம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். கொடுக்கும்போது கேட்டாள், "கூட்டியாந்து எங்க வைப்பீக? எனக்குக் கைப்பிள்ளை இருக்கு."

"தெரியல" என்றார் அய்யா. "போயிட்டு வாரேன்."

எல்லோரும் பட்டணத்தை விட்டு ஓடிவந்துகொண்டிருந்த நாட்கள் அவை. போகிற ரயிலில் பெட்டியில் ஆளே இல்லை என்று அய்யா பிற்பாடு சொல்வார்.

3

அவள் வந்து இறங்கிய அன்று தெருவே கூடியது. செத்தவள் திரும்பி வந்தால் பார்க்கமாட்டார்களா? முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். உடம்பில் சதையே இல்லை. கையில் ஒரு துணி மூட்டை. வண்டியை விட்டு இறங்கியவள் வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. "உள்ள வா" என்று அய்யா சொன்ன பிறகுதான் வந்தாள். பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது, யாராவது சொல்லாமல் அவள் எந்த நிலைப்படியையும் தாண்டமாட்டாள். சாப்பிடு என்றால் சாப்பிடுவாள். படு என்றால் படுப்பாள். காலையில் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு அதன் பக்கத்தில் நின்றுகொண்டே இருப்பாள். "சரி, போ" என்று யாராவது சொல்லவேண்டும். முதல் சில நாள் அய்யா சொன்னார். அவர் விடியுமுன் வயலுக்குப் போகிற நாட்களில் சின்னம்மா சொல்லவேண்டியதாயிற்று. "சரிக்கா, போங்க" என்பாள், முகத்தைப் பார்க்காமல்.

என்னைக் காட்டி, "இதான் பேச்சி" என்றார் அய்யா. அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "இம்புட்டு வளந்துட்டியா" என்றாள். தொடவில்லை. நானும் பக்கத்தில் போகவில்லை. அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண்கள்தான் எனக்கு அடுத்த விஷயத்தைச் சொன்னார்கள். நான் சில மாதப் பிள்ளையாக இருந்தபோது அவள் என்னைத் தூக்கிக்கொண்டு கமலைக் கிணற்றில் இறங்கிவிட்டாளாம். மாட்டை ஓட்ட வந்த ஆள் பார்த்துத் தண்ணீரில் குதித்து இரண்டு பேரையும் இழுத்துப் போட்டானாம். அதற்கப்புறம்தான் பட்டணத்துக்குக் கொண்டுபோனார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து அவள் இருக்கிற அறைக்கு நான் முதுகைக் காட்டுவதில்லை.

சின்னம்மாவின் பயம் அதைவிடப் பெரியது. சோணையின் தூளியைக் கண்ணுக்கு எட்டுகிற இடத்திலேயே கட்டினாள். அடுப்படிக்குள் போனால்கூடத் தூளி பக்கத்தில் என்னை உட்கார வைத்துவிட்டுத்தான் போவாள். என்னைப் பெற்றவளும் தூளி பக்கம் வரமாட்டாள். தூரத்தில் உட்கார்ந்துகொண்டு பிள்ளை அழுதால் மட்டும் தலையைத் தூக்கிப் பார்ப்பாள்.

இப்படியே சித்திரை போய், ஆனி போய், ஆடி வந்தது. பெரியாற்றுத் தண்ணீர் வந்து எங்கள் பக்கம் நடவு ஆரம்பித்தது.

4

நடவுக்கு வீட்டில் எல்லோரும் போகவேண்டும். என்னைப் பெற்றவளைத் தனியாக விட்டுப் போகவும் முடியாது. கூட்டிப்போய் வரப்பில் வேப்ப மரத்தடியில் உட்கார வைத்தோம். இன்னொரு பக்கம், எங்கள் பார்வையில் படும்படி, ஒரு கருவேல மரத்தில் சோணையின் தூளி. நான் நாற்றுக்கட்டு சுமந்தேன். சின்னம்மா மற்றப் பெண்களோடு வரிசையில் நின்று நட்டுக்கொண்டிருந்தாள். அய்யா அன்றைக்குச் சந்தைக்குப் போயிருந்தார். அய்யாவின் அண்ணன், என் பெரியய்யா, வரப்பில் நின்று ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெற்கே இருந்து ஒரு விமானம் வந்தது. மதுரைக்குத் தெற்கே யுத்தத்துக்காக விமானத் தளம் போட்டிருந்தார்கள், அங்கிருந்து ஏதாவது வானத்தில் உயரத்தில் போவதைப் பார்த்திருக்கிறோம். இது அப்படியில்லை. பனைமரத்துக்குக் கொஞ்சம் மேலே வருகிற மாதிரி இருந்தது. அந்தச் சத்தத்தில் வயல் தண்ணீர் நடுங்கியது. யாரோ "சப்பான்காரன்" என்றார்கள். அவ்வளவுதான். நாற்று ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். சேற்றில் விழுந்து எழுந்து எல்லோரும் மாந்தோப்பைப் பார்த்து ஓடினோம். சின்னம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். தோப்புக்குள் போன பிறகுதான் அவளுக்குத் தூளி நினைவுக்கு வந்தது. என் கையை விட்டுவிட்டு வந்த வழியே திரும்பி ஓடினாள். அந்த மாதிரி ஒரு ஓட்டத்தை நான் அதற்கப்புறம் யாரிடமும் பார்த்ததில்லை.

விமானம் அதற்குள் வடக்கே அழகர்மலைப் பக்கம் போய்விட்டது. நம்முடைய விமானமேதான் என்று பிற்பாடு சொன்னார்கள்.

தூளியில் பிள்ளை இல்லை. வேப்ப மரத்தடியில் அவளும் இல்லை.

எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான். கிணற்றுக்கு ஓடினோம். கமலைக் கிணற்றில் ஒரு ஓரமாகப் படிக்கட்டு உண்டு. அதன் கீழ்ப் படியில், கால் தண்ணீரில் இருக்க, சுவரோடு ஒட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையை முந்தானைக்குள் மூடி, அவன் காதை ஒரு கையால் பொத்தியிருந்தாள். சின்னம்மா மேலே நின்று, "அக்கா, குடுங்கக்கா" என்றாள்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். "செத்த பொறு" என்றாள். "இன்னும் ஊதல."

அது என்னவென்று யாருக்கும் விளங்கவில்லை. பெரியய்யா இறங்கிப் போய்ப் பிள்ளையைப் பிடுங்கிச் சின்னம்மாவிடம் கொடுத்துவிட்டு, அவளைக் கையைப் பிடித்து மேலே இழுத்து வந்தார். சோணைக்கு ஒரு கீறல் இல்லை. தூங்கிக்கொண்டிருந்தான். பிடுங்கியபோதுதான் விழித்து அழுதான்.

அவளை மாட்டுத் தொழுவத்தில் தூணோடு கட்டிப்போட்டார்கள். சாயங்காலம் அய்யா வந்தார். பெரியய்யா நடந்ததைச் சொல்லி, நாளைக்கே கொண்டுபோய் விட்டுவிட்டு வா, இல்லையென்றால் உன் குடும்பத்தோடு எனக்கு உறவில்லை என்றார். அய்யா தொழுவத்து வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே போகவுமில்லை, கட்டை அவிழ்க்கவுமில்லை. அவருக்கு அந்த அளவு தைரியம் ஒரு தடவைதான் வந்தது, பட்டணத்துக்குப் போனபோது. இரண்டாம் தடவைக்கு மிச்சமில்லை.

மறுநாள் அவளுக்குக் கஞ்சி கொண்டுபோகச் சின்னம்மா என்னைத்தான் அனுப்பினாள். கை கட்டியிருந்ததால் நான்தான் வாயில் வைத்துக் கொடுக்கவேண்டும். அவ்வளவு பக்கத்தில் நான் அவளிடம் போனது அதுதான் முதல் தடவை. இரண்டு வாய் குடித்துவிட்டு, "ஊதிட்டாகளா?" என்று கேட்டாள்.

என்ன ஊதுவது என்று கேட்டேன். அவள் நிதானமாகச் சொன்னாள். பட்டணத்து ஆஸ்பத்திரியில் கொல்லைப் பக்கம் நீளமாகக் குழி வெட்டியிருந்தார்கள். சங்கு ஊதினால் எல்லோரும் வரிசையாகப் போய்க் குழிக்குள் இறங்கிச் சுவரோடு சாய்ந்து உட்காரவேண்டும். காதைப் பொத்திக்கொள்ளவேண்டும். மறுபடி சங்கு ஊதுகிற வரைக்கும் மேலே வரக்கூடாது. தினமும் பழக்கினார்கள். "இங்க குழி இல்ல தாயி. கெணறுதான் இருந்துச்சு. பிள்ளை தனியாக் கெடந்தான்" என்றாள்.

நான் கஞ்சிச் சட்டியை அங்கேயே வைத்துவிட்டு ஓடிப்போய்ச் சின்னம்மாவிடம் சொன்னேன். அவள் உரலில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு ஆட்டி முடித்தாள். மாவை வழித்தாள். உரலைக் கழுவினாள். பிறகு சோணையை இடுப்பில் வைத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனாள். உள்ளே அவர்கள் இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது அவளுக்குப் பின்னால் என்னைப் பெற்றவளும் வந்தாள். மணிக்கட்டில் கயிற்றுத் தடம் சிவந்திருந்தது.

பெரியய்யா வந்து சத்தம் போட்டார். அய்யா வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டார். சின்னம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். பெரியய்யா முன்னால் அவள் அதுவரை வாய் திறந்ததில்லை.

"நாங்க அம்புட்டுப் பேரும் பிள்ளையப் போட்டுட்டு ஓடுனோம். பெத்தவ நானும் ஓடுனேன். நீங்களும் ஓடுனீக. அவ ஒருத்திதான் தூக்குனா. இனிமே இந்த வீட்ல யாரையும் கட்டக் கூடாது."

பெரியய்யா அதற்கப்புறம் ரொம்ப நாள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. சின்னம்மா அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அன்றைக்கிருந்து நான் என்னைப் பெற்றவளை ஆத்தா என்று கூப்பிட ஆரம்பித்தேன். யாரும் சொல்லித்தரவில்லை, வந்துவிட்டது.

5

இந்த நாட்டில் பாங்கில் எதற்காவது போன் செய்தால், ஆளை உறுதிப்படுத்த, உங்கள் தாயின் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் என்ன என்று கேட்பார்கள். வந்த புதிதில் என் கணவர் கம்பளி மில்லில் வேலை பார்த்தபோது பாங்கில் கணக்குத் திறக்கப் போனோம். எங்கள் பக்கம் பெண்ணுக்கு அப்படியொரு பெயர் கிடையாது என்று என் அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கினேன். அங்கே வேலை பார்த்த பெண் பொறுமையாக, சரி, உங்கள் தாய் எங்கிருந்து வந்தவர் என்றாள். அலங்காநல்லூர் என்றேன். அவளுக்கு அது எழுத வரவில்லை. 'அலங்கா' என்று எழுதிக்கொண்டாள். அன்றிலிருந்து பாங்கில் என் ஆத்தாவின் குடும்பப் பெயர் அலங்கா. நான் வேலை பார்த்த தையல் தொழிற்சாலையில் பேச்சி என்பதைப் 'பீச்சி' ஆக்கிவிட்டார்கள், பீச் பழத்தின் பெயர் மாதிரி. இதற்கெல்லாம் நான் கோபப்பட்டதே இல்லை. சிரிப்பாகத்தான் இருக்கும்.

சிரிக்க முடியாமல் போனது படம் பார்த்ததற்கு அடுத்த வாரம். அனிதாவைப் பார்க்க மருத்துவச்சி வீட்டுக்கு வந்திருந்தாள். இங்கே பிள்ளைப்பேறு பார்க்கிற நர்ஸ் அவள். நல்ல பெண். சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா என்று குடும்பத்தைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். பிள்ளை பெற்றபின் யாருக்காவது மனநோய் வந்ததுண்டா என்றும் கேட்டாள். மாலதி உடனே, எங்கள் பக்கம் அப்படி யாருமில்லை என்றாள்.

மாலதி பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசுகிற வழக்கம் இல்லை. நான் கல்யாணமாகிப் போகும்போது, இதை மாப்பிள்ளை வீட்டில் சொல்லாதே என்று அய்யா கேட்டுக்கொண்டார். பிறகு சொல்லவேண்டிய நேரம் என்று ஒன்று வரவே இல்லை. பிள்ளைகள் ஆங்கிலத்துக்குள் போய்விட்டார்கள். இதைச் சொல்லும் அளவுக்கு ஆங்கிலம் எனக்கு இல்லை, கேட்கும் அளவுக்குத் தமிழ் பேரப்பிள்ளைகளுக்கு இல்லை.

மருத்துவச்சி அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தாள். நான் "இரு" என்றேன். தமிழில்தான் சொன்னேன். மூவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

6

அவர்களிடம் நான் சொன்னது இதுவரை உனக்கு எழுதியதும், இனி எழுதப்போவதும்.

யுத்தம் முடிகிற வரைக்கும் ஆத்தா எங்கள் வீட்டில்தான் இருந்தாள். முடி வளர்ந்தது. நிலைப்படியைத் தானே தாண்டினாள். ரேஷன் கடை வரிசையில் போய் நிற்பது அவள் வேலை ஆயிற்று. எவ்வளவு நேரமானாலும் முனகாமல் நிற்பாள். சோணைக்கு நடை பழக்கினாள். அவன் அவளைப் பெரியாத்தா என்பான். எனக்குப் பதினான்கு வயதாயிற்று.

அந்த வருடம் ஐப்பசி மழையில் அவளிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. தூங்கவில்லை. ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுவதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு நாள் வெயில் அடித்தது. கொல்லையில் அவளும் சின்னம்மாவும் நானும் நெல் உலர்த்திக்கொண்டிருந்தோம். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "மாயக்கா, இனிமே சோணைய எங்கிட்ட விடாத. என்னைக் கொண்டுபோயி பட்டணத்துல விட்ருங்க" என்றாள்.

சின்னம்மா பதறிப்போனாள். யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டாள். ஆத்தா இல்லை என்று தலையை ஆட்டினாள். தண்ணீர்ச் சத்தம் பேச்சாகக் கேட்கிறது என்றாள். முன்னால் இது வந்தபோதும் முதலில் தூக்கம் போயிற்று, பிறகு தண்ணீர் பேசியது, பிறகு அது சொன்னதைத்தான் செய்தேன் என்றாள்.

எனக்கு அதுவரை கேட்கத் துணிவில்லாத ஒன்று இருந்தது. சோணையைக் காப்பாற்றத்தான் இறங்கினாள் என்று தெரிந்ததிலிருந்து, என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கியதற்கும் அப்படி ஏதாவது நல்ல காரணம் இருந்திருக்கும், ஊர்தான் தப்பாகப் புரிந்துகொண்டது என்று நானே ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். "என்னையும் எதுலருந்தோ காப்பாத்தத்தான ஆத்தா எறங்குன?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்து, "இல்ல தாயி. அது வேற" என்றாள். "உன்னைக் கொல்லத்தான் கொண்டுபோனேன். அப்ப அது சரின்னு பட்டுச்சு. இப்பத் தப்புன்னு தெரியிது. தெரியிறப்பவே போயிரணும்."

நான் அழுதேன். கோபத்தில் இல்லை. அவ்வளவு நேராக யாரும் என்னிடம் அதுவரை பேசியதில்லை. செத்துவிட்டாள் என்று சொல்லி வளர்த்த வீட்டில், உண்மையைச் சொன்னவள் அவள் ஒருத்திதான். சின்னம்மா நெல்லை அப்படியே போட்டுவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். போகவேண்டாம் என்று சொல்லவில்லை. "நல்லானதும் ஆள் விட்டுச் சொல்லுங்க. நானே வந்து கூட்டியாரேன்" என்றாள்.

அப்படியே நடந்தது. அய்யா கொண்டுபோய்ச் சேர்த்தார். சில மாதம் கழித்துச் சின்னம்மா, அதுவரை மதுரையைத் தாண்டி எங்கும் போகாதவள், சோணையையும் அழைத்துக்கொண்டு ரயிலேறிப் போய் அவளைக் கூட்டி வந்தாள். அதற்கப்புறமும் ஒரு தடவை ஆத்தா தானாகவே கேட்டுப் போனாள். அப்போதும் சின்னம்மாதான் போனாள். என் கல்யாணத்துக்கு ஆத்தா இருந்தாள். மாலதி பிறப்பதற்கு முந்தைய வருடம் ஊரில், சின்னம்மா பக்கத்தில் இருக்க, சாதாரணக் காய்ச்சலில் இறந்துபோனாள்.

7

நான் சொல்லி முடித்தபோது மருத்துவச்சி எழுதுவதை நிறுத்தியிருந்தாள். நான் தமிழில் சொல்லச் சொல்ல மாலதிதான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தாள். 'கொல்லத்தான்' என்கிற இடத்தில் அவளுக்கு வாய் வரவில்லை. நானே அந்த ஒரு சொல்லை ஆங்கிலத்தில் சொன்னேன். மாலதிக்கு என்மேல் வருத்தம் இருந்தது. இத்தனை வருடம் தான் யாருடைய பேத்தி என்று தெரியாமலே இருந்துவிட்டதாகச் சொன்னாள். நியாயம்தான்.

மருத்துவச்சி நல்லவிதமாகப் பேசினாள். கட்டாயம் வரும் என்பதில்லை, ஆனால் தெரிந்திருப்பது நல்லது, இந்தக் காலத்தில் மருந்து உண்டு, தாயையும் பிள்ளையையும் பிரிக்காமலே சேர்த்து வைத்துப் பார்க்கிற இடம்கூட உண்டு என்றாள். அதைக் கேட்டபோது எனக்கு ஆத்தாவின் ஞாபகம் வந்தது.

மருத்துவச்சி போன பிறகு அனிதா, ஆத்தாவுக்கு முதலில் என்ன ஆயிற்று என்று மறுபடி கேட்டாள். தூக்கம் என்றேன். முதலில் தூக்கம் போகும், அதற்கப்புறம்தான் மற்றது. அதை அவள் தமிழில் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்: "தூக்கம் போகும்."

அனிதாவுக்குப் பெண் பிறந்திருக்கிறது. மூன்றாவது வாரம் ஒரு காலையில் போன் செய்தாள். சரியாகத் தூங்கி இரண்டு நாளாகிறது, பிள்ளை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வரவில்லை என்றாள். ஆங்கிலத்தில் ஆரம்பித்தவள், கடைசியில் "அம்மாச்சி, பயமா இருக்கு. வாங்க" என்றாள். நான் மாலதிக்குப் போன் செய்து சொல்லிவிட்டுப் பஸ் பிடித்துப் போனேன். அனிதா வாசலிலேயே நின்றிருந்தாள். பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டாள்.

மருத்துவச்சி மத்தியானம் வந்து பார்த்தாள். வெறும் அசதிதான், எதற்கும் ஒரு வாரம் தினமும் வந்து பார்க்கிறேன் என்றாள். அனிதா சாயங்காலம் வரைக்கும் தூங்கினாள். நான் ஜன்னல் பக்கம் நாற்காலியில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒரு தடவை சிணுங்கினாள். தட்டிக் கொடுத்தேன், அடங்கிவிட்டாள்.